கடகத்தோடு சொல்லிய வரலாறு

வீட்டுப் பாடம்: விசுவாசமும் சரித்திரமும் நாட்டு நடப்பும்



இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை மூன்று கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கும். எங்கட ஊர் எது? ஏன் அங்கயிருந்து வந்தனாங்கள்? கடவுள் அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தார்? முதற் கேள்விக்குப் பாடசாலையில் புவியியல் வரைபடம் உண்டு. இரண்டாவதற்கு வரலாற்றுப் புத்தகமும் மூன்றாவதற்குச் சமயப் புத்தகமும் உண்டு. ஆனால் பிள்ளை இவற்றைப் பாடவேளைகளாகப் பிரித்துக் கேட்பதில்லை. இரவு பாயில் படுத்திருந்தபடி ஒரே மூச்சில் கேட்கிறது. அந்த நேரம் பக்கத்தில் இருப்பது ஆசிரியர் அல்ல, நீங்கள்தான்.

பாடசாலையை நிறுத்திவிட்டு வீட்டில் படிப்பியுங்கள் என்று இங்கே சொல்லவில்லை. 5 வயது முதல் 16 வயது வரை பிள்ளை பாடசாலைக்குப் போகவேண்டும் என்பது நாட்டின் சட்டம். அது நல்ல சட்டமும்கூட. ஆனால் பாடசாலைகள் அகதி முகாம்களாகி, பிள்ளைகள் மரநிழலில் இருந்து படித்த காலத்தை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அக்காலத்தில் வீட்டிலே சொல்லிக்கொடுத்ததுதான் பல பிள்ளைகளுக்கு மிஞ்சியது. இப்போது பாடசாலை ஒழுங்காக நடந்தாலும், மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் ஒன்றாக வைத்துப் பதில் சொல்லும் இடம் வீடு ஒன்றே.

“நாங்கள் பெரிதாகப் படிக்காத ஆக்கள். எங்களால் என்ன சொல்லிக் கொடுக்க முடியும்?” என்று கேட்பவர்களுக்கு வேதாகமத்தில் ஓர் இடத்தைக் காட்ட விரும்புகிறோம். உபாகமம் 26ஆம் அதிகாரம். கத்தோலிக்க வாசகர்கள் இணைச்சட்டம் என்ற பெயரில் பார்க்கலாம். அங்கே சரித்திரம் சொல்பவர் குருவும் அல்ல, அரசனும் அல்ல. ஒரு கமக்காரன்.

கமக்காரன் சொன்ன பாடம்

அறுவடையின் முதற்பலனை அவன் கூடையில் வைத்துக் கொண்டு வருகிறான். நமது வழக்கில் சொன்னால், புதிர் எடுத்துக் கடகத்தில் வைத்துக் கொண்டு வருகிறான். குரு அதை வாங்கிப் பீடத்தின் முன் வைக்கிறார். அப்போது அவன் வாய்திறந்து சொல்ல வேண்டியது என்ன என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது. கடவுள் எப்படிப்பட்டவர் என்ற விளக்கத்தோடு அவன் தொடங்கவில்லை. தன் மூதாதை ஊர் ஊராக அலைந்தவன் என்று தொடங்குகிறான். சிலபேராய் எகிப்துக்குப் போனது, அங்கே பலுகிப் பெருகியது, கடும் வேலை வாங்கப்பட்டது, ஆண்டவரை நோக்கிக் கூப்பிட்டது, அவர் வெளியே கொண்டுவந்தது, இந்த நிலத்தைத் தந்தது, இதோ அதன் விளைச்சல் என்று முடிக்கிறான். விசுவாச அறிக்கையும் குடும்பச் சரித்திரமும் ஒன்றாகவே வருகின்றன.

இதில் கவனிக்கவேண்டியவை இரண்டு. எகிப்தில் நடந்தது பலநூறு வருடங்களுக்கு முந்தியதாக இருந்தாலும் அவன் “அவர்களை” என்று சொல்லாமல் “எங்களை” என்றே சொல்கிறான். தான் காணாத துன்பத்தையும் தன் துன்பமாக எடுத்துக்கொள்கிறான். 2009க்குப் பின் பிறந்த பிள்ளைகளைக் கொண்ட நமக்கு இது முக்கியம். மற்றது, பேச்சு முடிந்தபின் அந்த விளைச்சலை அவன் தனியே உண்பதில்லை. காணியில்லாத லேவியரும் அவர்களிடையே வாழும் அந்நியரும் அந்தச் சந்தோஷத்தில் பங்குபெற வேண்டும் என்கிறது பதினோராம் வசனம். தன் கதையைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவனின் வீட்டில் அடுத்தவனுக்கும் இடம் இருந்தது.

குடும்பத்தின் பாதையை எழுதுதல்

ஓர் அப்பியாசக் கொப்பியை எடுங்கள். முதற்பக்கத்தில், குடும்பம் இருந்த ஊர்களை வரிசையாகப் பிள்ளையைக் கொண்டே எழுதுவியுங்கள். ஒவ்வோர் ஊருக்கும் எதிரே வருடத்தையும், அந்த ஊரில் என்ன பயிர் செய்தீர்கள் என்பதையும் எழுதட்டும். வலிகாமம் வடக்கில் இருந்து 1990இல் எழும்பிய குடும்பமானால், அங்கே வெங்காயமும் புகையிலையும். 1995இல் தென்மராட்சி, பயிர் எதுவுமில்லை. 1996இல் வன்னி, கூலிக்கு வயல். 2009இல் செட்டிகுளம் மனிக் பாம் முகாம். தறப்பாளுக்குப் பின்னால் நாலு மிளகாய்க் கன்று. அந்த முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது என்பதையும் எழுதலாம். இப்படி எழுதும்போது பிள்ளைக்கு ஒன்று விளங்கும்: தன் குடும்பம் ஓடிக்கொண்டே இருந்த குடும்பம் மட்டுமல்ல, போன இடமெல்லாம் எதையாவது நட்ட குடும்பம்.

எல்லாருடைய பாதையும் யாழ்ப்பாணத்தில் தொடங்குவதில்லை. கிளிநொச்சி, வவுனியாப் பக்கத்து வாசகர் பலருடைய கொப்பி மலையகத் தோட்டம் ஒன்றிலிருந்து தொடங்கும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 1977ஆம் ஆண்டுக் கலவரம் ஆகியவை அந்தக் குடும்பங்களுக்குப் பாடப்புத்தகத் திகதிகள் அல்ல. லயத்தைவிட்டு வெளிக்கிட்ட காரணங்கள். அதையும் எழுதுங்கள். வன்னியில் காடு வெட்டிக் கமமாக்கிய கைகளில் அவர்களின் கைகளும் உண்டு. இதை நம் ஊர்களில் வெளிப்படையாகச் சொல்பவர்கள் இன்னும் குறைவு.

அம்மம்மா ஒரு மாதிரியும் அப்பா வேறு மாதிரியும் சொன்னால் என்ன செய்வது? உதாரணத்துக்கு 1995இல் வெளிக்கிட்ட இரவை எடுத்துக்கொள்வோம். அம்மம்மாவுக்கு மழையும், கைவிட்டுவந்த பசுவும் நினைவு. அப்பாவுக்கு ஒலிபெருக்கி அறிவித்தலும், சனநெரிசலில் நகர முடியாமல் நின்ற பாலமும் நினைவு. யார் சரி என்று தீர்ப்புச் சொல்லாமல், இரண்டையும் பெயர்போட்டு அடுத்தடுத்து எழுதுங்கள். ஒரே ஆண்டவரைப் பற்றித் திருச்சபை நான்கு சுவிசேஷங்களை வைத்திருக்கிறது; ஒன்றாகச் சுருக்கிவிட்டு மற்றதை எறியவில்லை.

வயதையும் பார்க்கவேண்டும். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குப் பசுவின் கதை போதும். இறந்தவர்களின் உடல்களை அந்த வயதில் வர்ணிக்க வேண்டாம். பத்து வயதுக்குமேல் வரைபடத்தில் பாதையைக் கீறலாம். பதினாலு வயதில் ஏன், யாரால் என்ற கேள்விகளுக்கு மழுப்பாமல் பதில் வேண்டும். கதை சொல்லும்போது பிள்ளை அழுதாலோ, சொல்பவருக்குக் குரல் அடைத்தாலோ அன்றைக்கு அத்துடன் கொப்பியை மூடிவிடலாம். சில தகப்பன்மார் ஒன்றுமே சொல்லமாட்டார்கள். அவர்களை வற்புறுத்த வேண்டாம்; ஊரின் பெயரையும் வருடத்தையும் மட்டும் கேளுங்கள்.

ஒக்டோபர் 30

இந்தத் திகதி ஒன்றே ஒரு மாதப் பாடத்துக்குப் போதும். 1995 ஒக்டோபர் 30ந் திகதி இராணுவம் வலிகாமத்துக்குள் முன்னேறிக்கொண்டிருந்தது. எல்லாரையும் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் அறிவித்தார்கள். இலட்சக்கணக்கான சனம் ஓரிரவில் செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தது. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல மறக்கமாட்டோம்.

சரியாக ஐந்து வருடங்களுக்கு முன், 1990ஆம் ஆண்டின் அதே ஒக்டோபர் 30ந் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். விடுதலைப் புலிகள் அவர்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்தும் ஏறக்குறைய 75,000 பேர் இப்படி வெளியேற்றப்பட்டு, பெரும்பாலானோர் புத்தளப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். முப்பது வருடத்துக்குமேல் கடந்தும் அவர்களில் எல்லோரும் திரும்பி வந்துவிடவில்லை.

முதலாவது ஒக்டோபர் 30ஐ விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் சொல்லும் வீட்டில் பிள்ளை முறைப்பாட்டைக் கற்கும், வரலாற்றைக் கற்காது. எகிப்தில் அந்நியராய் இருந்ததை நினைத்து அந்நியரை நேசியுங்கள் என்று இஸ்ரவேலருக்குக் கட்டளை உண்டு. நாமும் வெளியேறியவர்கள். வெளியேற்றப்பட்ட அயலவரின் கதை நமக்கு விளங்காவிட்டால் வேறு யாருக்கு விளங்கும்?

திருச்சபையின் கதையையும் இப்படியே சொல்லுங்கள். 1544இல் மன்னாரில் புதிதாகக் கிறிஸ்தவர்களான மக்களை யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொல்லுவித்தான். அவர்களை மன்னார் மறைசாட்சிகள் என்று நினைவுகூருகிறோம். 1621இல் போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை இடிப்பித்தான். அவனும் கிறிஸ்தவனே. இரண்டும் ஒரே கொப்பியில் இருக்கட்டும். சைவப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து படிக்கும் நம் பிள்ளை, இரண்டாவதைப் பிறர் வாயால் முதன்முதல் கேட்டு வெட்கப்பட வைக்காதீர்கள்.

பின்னர் வந்த ஒல்லாந்தர் புரட்டஸ்தாந்தர். கத்தோலிக்கக் குருமாரை அவர்கள் அனுமதிக்கவில்லை. மாந்தையிலிருந்து மாதாவின் சொரூபத்தோடு காட்டுக்குள் போன குடும்பங்களிலிருந்தே மடுத் திருத்தலம் தொடங்கியது என்பது மரபு. ஆகவே மடுவே ஓர் இடம்பெயர்ந்தோர் கோவில். 2008 ஏப்ரலில் யுத்தம் நெருங்கியபோது அந்தச் சொரூபம் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகப்பட்டு அதே வருடம் திரும்பி வந்ததையும் பிள்ளைக்குச் சொல்லலாம். ஒல்லாந்தர் காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தவர் யோசேப் வாஸ் அடிகளார். கண்டிக்குப் போனபோது முதலில் ஒற்றர் என்று சிறைவைக்கப்பட்டார். பிறகு அங்கேயே இருந்து பணிசெய்ய அந்தப் பௌத்த அரசன் இடமளித்தான். கிறிஸ்தவர் துரத்திய கிறிஸ்தவருக்குப் பௌத்தர் அடைக்கலம் கொடுத்தார். 2015 ஜனவரி 14ந் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்தி, அன்று பின்னேரமே மடுவுக்கும் வந்தார். இனங்களை நல்லவர், கெட்டவர் என்று இரண்டாகப் பிரிக்கப் பழகிய பிள்ளையின் கணக்கு இந்தக் கதையில் குழம்பும். குழம்பட்டும்.

செய்தி வந்தபோது ஆண்டவர் சொன்னது

நாட்டு நடப்பை விசுவாசத்தோடு சேர்த்துப் படிப்பிப்பது எப்படி? லூக்கா 13ஆம் அதிகாரத்தின் முதல் ஐந்து வசனங்களை வாசியுங்கள். சிலர் இயேசுவிடம் அன்றைய செய்தியைக் கொண்டு வருகிறார்கள்: பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்றுவிட்டான். அவர்கள் மற்றவரைவிடப் பெரிய பாவிகளா என்ற எண்ணம் கேட்டவர்களின் மனதில் ஓடுகிறது. இல்லை என்று அவர் நேரே சொல்கிறார். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரையும் தாமாகவே எடுத்துச் சொல்லி, அதற்கும் இல்லை என்கிறார். பிறகு பேச்சைக் கேட்பவர்களின் மனந்திரும்புதலுக்குத் திருப்புகிறார்.

1995 ஜூலை 9ந் திகதி நவாலி தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள்மேல் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் ஆலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250 பேருக்குமேல் இறந்தார்கள். சீயோன் ஆலயத்தில் இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலை முடிந்து நின்ற பிள்ளைகளும் உண்டு. “அவர்கள் கோவிலில்தானே இருந்தார்கள், கடவுள் ஏன் விட்டார்?” என்று பிள்ளை கேட்டால், ஏதோ பாவம், ஏதோ நன்மைக்குத்தான் என்று பதில் கட்டவேண்டாம். முதலாவது பதிலை ஆண்டவரே மறுத்திருக்கிறார். இரண்டாவது, பிள்ளையை இழந்த தாய் கேட்கக்கூடிய பதில் அல்ல. சங்கீதங்களில் பல முறைப்பாடுகள்தான்; கடவுளிடமே முறையிட விசுவாசிக்கு அனுமதி உண்டு என்று சொல்லிக் கொடுங்கள். விளங்காததை விளங்கவில்லை என்று சொல்லும் தகப்பனைப் பிள்ளை மதிக்கும்.

உயிர்த்த ஞாயிறுக்குப் பின் நடந்ததும் பாடமே. அடுத்த மாதமே முகநூல் பதிவொன்றைச் சாட்டி சிலாபத்தில் கலகம் தொடங்கி, குருநாகல், கம்பஹா மாவட்டங்களில் குண்டுக்குச் சம்பந்தமேயில்லாத முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. இன்று செய்தி கைத்தொலைபேசியில் வருகிறது. வாட்சப்பில் வந்ததைப் பிள்ளை காட்டும்போது கேட்கவேண்டியது இதுதான்: சொன்னவர் கண்டவரா, கேட்டவரா? எப்போது நடந்தது? இதை நம்பினால் யார்மேல் கோபம் வரும், அந்தக் கோபத்தால் லாபம் யாருக்கு? லூக்கா தமது சுவிசேஷத்தை எப்படித் தொடங்குகிறார் என்று பாருங்கள். கண்ணாரக் கண்டவர்கள் ஒப்படைத்ததை, ஆதிமுதல் விசாரித்து, ஒழுங்காக எழுதுவதாகச் சொல்கிறார். விசாரிப்பது விசுவாசத்துக்கு எதிரானது என்று அவர் நினைக்கவில்லை.

கமத்திலிருந்தே எடுக்கக்கூடிய நல்ல உதாரணம் ஒன்றும் உண்டு. 2021 மே மாதம் இரசாயனப் பசளையும் கிருமிநாசினியும் இறக்குமதி செய்வதை அரசாங்கம் வர்த்தமானி மூலம் தடைசெய்தது. அந்த வருடம் நவம்பரில் தடையைத் தளர்த்தியது. அதற்குள் காலபோகம் தொடங்கிவிட்டது. உங்கள் வயலில் அதற்கு முந்திய காலபோகத்தில் எத்தனை மூட்டை, அந்தப் போகத்தில் எத்தனை மூட்டை, யூரியா அந்தர் என்ன விலை விற்றது என்று பிள்ளையைக் கொண்டு கணக்குப் பார்க்கச் செய்யுங்கள். கொழும்பில் எழுதிய ஒரு வரி உங்கள் அட்டுவத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை எந்த ஆசிரியரையும்விட நீங்கள் நன்றாக விளக்குவீர்கள்.

உறுதியும் மண்பாத்திரமும்

எரேமியா 32ஆம் அதிகாரத்தை மூத்த பிள்ளைகளோடு வாசியுங்கள். பகைவர் நகரைச் சுற்றி முற்றுகையிட்டிருக்கிறார்கள். தீர்க்கதரிசி காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத்தில் ஒரு காணியைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். சாட்சிகள் ஒப்பமிடுகிறார்கள். உறுதியில் இரண்டு பிரதி. ஒன்று முத்திரையிட்டது, ஒன்று திறந்தது. இரண்டையும் மண்பாத்திரத்தில் வைத்து நெடுநாள் காப்பாற்றும்படி பாரூக்கிடம் சொல்கிறார். அந்த நிலத்தில் இனியும் வீடும் வயலும் விற்றுவாங்கப்படும் என்பது அவரது நம்பிக்கை. ஆனால் நம்பிக்கை என்று சொல்லிப் பத்திரத்தை அவர் கவனிக்காமல் விடவில்லை.

இனி நடந்த செய்தி ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். 2025 மார்ச் 28ந் திகதிய வர்த்தமானியில், யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் ஏறக்குறைய 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்குள் உரிமை கோரவேண்டும், கோராவிட்டால் அரச காணியாக்கப்படும் என்ற அறிவித்தல் வந்தது. யுத்தத்தில் உறுதியைத் தொலைத்தவர்களும் வெளிநாடு போனவர்களும் அதை எப்படி அறிவார்கள் என்று எதிர்ப்பு எழுந்தது, வழக்குப் போடப்பட்டது, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அறிவித்தல் மீளப்பெறப்பட்டது. வர்த்தமானியை வாசிக்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருப்பதன் பெறுமதியைப் பதினைந்து வயதுப் பிள்ளை இதிலிருந்து உடனே பிடித்துக்கொள்ளும்.

அன்றைய பாடத்தை உறுதியிலேயே செய்யலாம். உறுதி அல்லது அனுமதிப்பத்திரம் இருந்தால் அதிலுள்ள நான்கு எல்லைகளைப் பிள்ளை உரத்து வாசித்து, காணியைப் படமாகக் கீறட்டும். கிழக்கே யாருடைய காணி, வடக்கே ஒழுங்கையா, கிணற்றில் எத்தனை பங்கு, எத்தனை பரப்பு என்று குறிக்கட்டும். உறுதி தொலைந்திருந்தால் பெரியவர்கள் நினைவிலிருந்து எல்லைகளைச் சொல்லட்டும். அப்போது அயலில் இருந்தவர்களின் பெயர்களையும் எழுதி வையுங்கள். காணிப் பதிவகத்தில் பிரதி தேடும்போது காணியின் பெயரும் பழைய சொந்தக்காரரின் பெயரும் உதவும். பிரதி எடுத்தால் இரண்டாக எடுத்து, ஒன்றை நம்பிக்கையான உறவினர் வீட்டில் வையுங்கள். குடும்பப் பாதை எழுதிய கொப்பியையும் பிறப்புச் சாட்சிப்பத்திரங்களையும் அதே பொலித்தீன் பையில் போட்டு வாயைக் கட்டி, கூரை ஒழுக்கு இல்லாத பக்கமாக வையுங்கள்.

குழுவாக வாசிப்போர் பேசுவதற்கு:

உங்கள் குடும்பக் கொப்பியில் எந்த வருடத்தைப் பற்றி எழுத ஆளில்லை? அதை அறிந்த பெரியவர் இப்போது எங்கே இருக்கிறார்?

உங்கள் பழைய ஊரில் முஸ்லிம், சிங்கள, சைவ அயலவர் இருந்தார்களா? அவர்கள் எந்த வருடம், எதனால் போனார்கள்?

அடுத்த புதிரின்போது கடகத்தைக் கோவிலுக்குக் கொண்டுபோகும் முன், உங்கள் வீட்டின் கதையை எட்டுப் பத்து வரியில் யார் சொல்வது? அதைக் கேட்கப் பக்கத்துக் கொட்டிலிலிருந்து யாரைக் கூப்பிடுவது?